தட்டினால் குளிரும் பை, சொடுக்கினால் சுடும் பை: திருகோணமலையில் வாங்கிய மூன்று பொருட்கள்

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் பாடசாலையின் முதலுதவிப் பெட்டியை நிரப்பும் பொறுப்பு இவ்வாண்டும் என்னிடமே வந்தது. நான் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பிப்பவள். மைதானத்துக்குக் கிட்ட ஐஸ் கிடைக்காது; உவர்மலையில் உள்ள என் வீட்டிலிருந்து ரெஜிபோம் பெட்டியில் கொண்டுபோகும் ஐஸ் கட்டிகள் பத்து மணிக்குள் பாதி தண்ணீராகிவிடும். ஆகவே நகரத்தில் உள்ள ஒரு மருந்துக்கடையில், கையால் ஓங்கித் தட்டினால் குளிர்ந்துவிடும் ஐஸ் பேக் ஆறு வாங்கினேன். அதே தட்டில், உள்ளே இருக்கும் உலோகத் தகட்டைச் சொடுக்கினால் சூடாகும் ஹீட் பேக் ஒன்றும் இருந்தது. அதையும், அம்மாவின் முதுகு வலிக்காக ஒட்டும் சூட்டுப் பட்டி மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஐஸ் பேக் ஒன்று 480 ரூபா, ஹீட் பேக் 1,200 ரூபா, சூட்டுப் பட்டி ஒன்று 350 ரூபா.

இம்மூன்றிலும் மின்கலம் இல்லை, நெருப்பு இல்லை, இயந்திரம் எதுவும் இல்லை. மூன்றுமே, வாய்ப்புக் கிடைத்தால் தானாகவே நிகழ்ந்துவிடக்கூடிய ஒரு மாற்றத்தைப் பிடித்து அடைத்து வைத்திருப்பவை. தடையை நாம் நீக்குகிறோம். மற்றதை இயற்கை செய்துகொள்கிறது. ஆகவே இவற்றை மதிப்பிடும்போது நான் பார்ப்பது இரண்டு. உள்ளே இருக்கும் மாற்றம் எவ்வளவு குளிரை அல்லது சூட்டைத் தருகிறது என்பது ஒன்று. நாம் கேட்கும் வரைக்கும் அது எவ்வளவு நன்றாகத் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது மற்றது. இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு நட்டம் வந்ததும் அதிலேதான்.

முதலில் ஐஸ் பேக். நீளம் பாய்தலில் ஒரு பிள்ளை மணலில் காலை மடக்கி விழுந்து, கணுக்கால் வீங்கத் தொடங்கியது. பையைச் சமமான வாங்கில் வைத்து ஒருமுறை குத்தினேன். உள்ளே இருந்த தண்ணீர்ப் பை "டொப்" என்று உடையும் சத்தம் கேட்டது. பையை நாலைந்து தடவை குலுக்கியபோது, வெளியே தொட்ட விரல்களில் முதலில் ஒரு சிலிர்ப்பும் பிறகு உண்மையான குளிரும் ஏறியது. பையின் வெளிப்புறத்தில் பனித்துளி படிந்தது. துணியில் சுற்றிக் காலில் வைத்ததும் பிள்ளையின் முகம் தளர்ந்தது. பக்கத்தில் நின்ற என் உயர்தர மாணவி ஒருத்தி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், வெப்பம் வெளியில வந்தாத்தானே தாக்கம் தன்ர பாட்டில நடக்கும்? இது வெப்பத்தை உள்ள இழுக்குது. பிறகு எப்பிடித் தன்ர பாட்டில நடக்குது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் தொம்சன், பிரான்சின் பேர்த்தலோ போன்ற பெரிய இரசாயனவியலாளர்களே அப்படித்தான் நம்பினார்கள்: வெப்பத்தை அதிகமாக வெளிவிடும் பக்கத்துக்கே தாக்கம் செல்லும் என்று. நெருப்பு எரிவதையும், அமிலமும் காரமும் சேர்ந்து சூடேறுவதையும் பார்த்தவருக்கு அது இயல்பான எண்ணம். ஆனால் ஐஸ் தன்பாட்டில் உருகுகிறது, உருகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஈரத்துணி தன்பாட்டில் காய்கிறது, காயும்போது குளிர்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்பானைத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்துவிடுகிறது என்பதைத் திருகோணமலையில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே தானாக நிகழும் மாற்றங்கள் நம் வீட்டில் எப்போதும் இருந்துள்ளன.

விடுபட்டிருந்த கணக்கு எந்திரப்பி. அந்தப் பெயரை 1865இல் ருடொல்ப் கிளௌசியஸ் வைத்தார். துணிக்கைகளும் அவற்றின் சக்தியும் எத்தனை வழிகளில் பரம்பியிருக்க முடியும் என்பதன் அளவு அது என்று பிற்காலத்தில் போல்ற்சுமான் விளக்கினார். பளிங்கில் வரிசையாகக் கட்டுண்டிருந்த துணிக்கைகள் தண்ணீரில் கரைந்து அவிழும்போது அந்த வழிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. தொகுதியையும் (மாற்றம் நடக்கும் பொருள்) சூழலையும் சேர்த்துப் பார்க்கையில் மொத்த எந்திரப்பி கூடுமானால் மாற்றம் தானாக நிகழலாம். இதையே தொகுதியை மட்டும் வைத்துச் சொல்ல ஒரு வழியை 1876க்கும் 1878க்கும் இடையில் வெளியான தம் நீண்ட ஆய்வில் அமெரிக்கரான கிப்ஸ் தந்தார். வெப்பநிலையும் அமுக்கமும் மாறாதிருக்க, வெப்பவுள்ளுறை மாற்றத்திலிருந்து (தாக்கம் உறிஞ்சும் அல்லது வெளிவிடும் வெப்பம்) வெப்பநிலையையும் எந்திரப்பி மாற்றத்தையும் பெருக்கி வருவதைக் கழித்தால் கிடைப்பது சுயாதீன சக்தி மாற்றம். அது மறையாக இருந்தால் தாக்கம் அந்தத் திசையில் தானாக நிகழக்கூடியது.

மாணவிக்கு மைதானத்தின் ஓரத்திலேயே ஒரு கடதாசியில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பழைய வகை ஐஸ் பேக்குகளில் இருந்தது அமோனியம் நைத்திரேற்று. அதன் ஒரு மூல் (துணிக்கைகளை எண்ண இரசாயனவியலில் வழங்கும் அலகு) தண்ணீரில் கரையும்போது ஏறத்தாழ 25.7 கிலோயூல் வெப்பம் உறிஞ்சப்படுகிறது. எந்திரப்பி கெல்வினுக்கு ஏறத்தாழ 108.7 யூலால் கூடுகிறது. 25 பாகை செல்சியசில், அதாவது 298 கெல்வினில், வெப்பநிலையையும் எந்திரப்பி மாற்றத்தையும் பெருக்கிய பெருக்கத்தொகை 32.4 கிலோயூல். 25.7இலிருந்து 32.4ஐக் கழித்தால் மறை 6.7 கிலோயூல். வெப்பத்துக்குச் செலுத்தும் விலையைவிட, பரவுவதால் கிடைக்கும் வரவு கூட. கரைதல் ஒரு பௌதிக மாற்றம்தானே என்று சிலர் கேட்கலாம். இந்த விதி பௌதிக மாற்றத்துக்கும் இரசாயனத் தாக்கத்துக்கும் ஒன்றே. சுண்ணாம்புச் சூளையில் கல்சியம் காபனேற்று நீறாவதும் வெப்பத்தை உறிஞ்சும் தாக்கமே. அங்கு ஒரு மூலுக்கு 178 கிலோயூல் தேவைப்படுவதால், சூளை ஏறத்தாழ 840 பாகையை எட்டும்போதுதான் பெருக்கத்தொகை அதை ஈடுசெய்கிறது. ஐஸ் பேக்கின் சிறப்பு, அந்த ஈடு சாதாரண அறை வெப்பநிலையிலேயே அமைந்துவிடுவது.

நான் வாங்கிய பையின் சுட்டுத்துண்டில் எழுதியிருந்தது யூரியாவும் தண்ணீரும் மட்டுமே. அமோனியம் நைத்திரேற்று வெடிபொருள் தயாரிப்பிலும் பயன்படுவது. 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த ஏறத்தாழ 2,750 தொன்னும் அதுவே. ஆகவே அதன் விற்பனைக்கு நாடுகள் பலவற்றில் கட்டுப்பாடு உண்டு, பல ஐஸ் பேக்குகளில் யூரியா அதன் இடத்தைப் பிடித்துள்ளது. யூரியா ஒரு மூலுக்கு ஏறத்தாழ 15 கிலோயூல்தான் உறிஞ்சும். ஆனால் அதன் மூலர்த் திணிவு 60 கிராம், அமோனியம் நைத்திரேற்றினது 80 கிராம். கிராமுக்குக் கிராம் பார்த்தால் யூரியா 250 யூல், மற்றது 320 யூல். குளிர் கொஞ்சம் குறைவு என்றாலும், பிள்ளைகள் நிற்கும் இடத்தில் வைப்பதற்கு யூரியாவையே நான் விரும்புவேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பையை ஒழுங்காகச் சோதித்தேன். வெப்பமானியைப் பையின் நடுவில் மடித்துப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை வெப்பநிலை 31 பாகை. தட்டிக் குலுக்கி இரண்டு நிமிடத்தில் 7 பாகைக்கு இறங்கியது. பத்து நிமிடத்தில் 12, இருபது நிமிடத்தில் 19. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அதை ஐஸ் பேக் என்று சொல்வதில் பொருளில்லை. சுட்டுத்துண்டு "உடனடியாக 0 பாகை" என்று சொல்கிறது. குளிரூட்டிய அறையில் வைத்திருந்து தட்டினால் ஒருவேளை அதைத் தொடலாம். நம்முடைய ஊரில், வாகனத்துக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ 34 பாகையில் கிடந்த பை அதைத் தொடாது. ஏனென்றால் அது குறைப்பது வெப்பநிலையின் ஓர் அளவை, சென்று சேரும் இடத்தை அல்ல. இன்னொன்றும் உண்டு. குளிரக் குளிர யூரியாவின் கரைதிறனும் குறைந்துகொண்டே போகும். பையின் அடியில் கரையாத மணிகள் மிஞ்சியிருப்பதைக் கையால் உணரலாம். நோயாளியின் உடற்சூட்டில் பை சற்று இளகும்போது அவையும் கரைகின்றன. அந்த மிச்சம்தான் பத்தாவது நிமிடத்திலும் பையைக் குளிராக வைத்திருப்பது. எனவே தட்டியவுடன் ஒருமுறை குலுக்கிவிட்டு விடாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைப் பிசைந்துவிடுவது நல்லது. சுட்டுத்துண்டில் இது எழுதப்படவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

ஐஸ் கட்டியோடு ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும். ஐஸ் உருக ஒரு கிராமுக்கு 334 யூல் எடுக்கும். யூரியாவின் 250 அதற்கு அவ்வளவு பின்தங்கியதல்ல. ஆனால் யூரியாவோடு அதைக் கரைக்கும் தண்ணீரையும் நாம் சுமக்கிறோம். 220 கிராம் எடையுள்ள பையில் யூரியா 100 கிராம்போல இருக்கும் என்று வைத்தால், அது உறிஞ்சக்கூடியது அதிகபட்சம் 25 கிலோயூல். அதே எடைக்கு ஐஸ் 73 கிலோயூல் உறிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் இந்தப் பையை வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. மைதானம், படகு, நிலாவெளிக்குச் சுற்றுலா போகும் பேருந்து, மூதூர்ப் பக்கத்தில் மின்சாரம் நின்றுபோன ஒரு மாலை ஆகியவற்றுக்கு இது ஈடிணையற்றது.

கையில் பை இல்லாதவர்கள், அல்லது வகுப்பில் செய்துகாட்ட விரும்பும் ஆசிரியர்கள், வயலுக்குப் போடும் யூரியாவை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நான் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 30 கிராம் யூரியாவைப் போட்டுக் கலக்கினேன். அரை மூல், 7.5 கிலோயூல். கரைசல் 130 கிராம், தன்வெப்பக் கொள்ளளவைத் தண்ணீருக்கு உரியதாகவே எடுத்தால் 14 பாகை குறைய வேண்டும். எனக்கு 12 பாகை குறைந்தது; கோப்பையும் காற்றும் தம் பங்கைக் கொடுத்துவிட்டன. தேநீர் குடிக்கும் கோப்பையில் இதைச் செய்ய வேண்டாம், கரைசலை வாயில் வைக்கவும் வேண்டாம். மீந்ததைத் தென்னைக்கு நிறையத் தண்ணீர் சேர்த்து ஊற்றினேன். போர்க் காலத்தில் யூரியாவுக்கு இருந்த கட்டுப்பாடுகளையும் கெடுபிடிகளையும் மறக்காத ஒரு தலைமுறை இங்கு இருக்கிறது. அந்த வெள்ளை மணியை வகுப்பு மேசையில் வைத்துக் குளிரைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகளைக் காண்பது எனக்கு ஒரு நிறைவு.

இனி என் குறையைச் சொல்ல வேண்டும். ஆறு பைகளில் இரண்டு, பெட்டியைத் திறந்தபோதே பழுதாகியிருந்தன. ஒன்றின் உள்ளே மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகியிருந்தன; மற்றதில் தண்ணீர்ப் பை ஏற்கெனவே உடைந்து எல்லாம் கரைந்து, சாதாரண நீர்ப்பைபோல் தளதளவென்று இருந்தது. ஏற்றி இறக்கும்போது யாரோ பெட்டியின்மேல் பாரம் வைத்திருக்க வேண்டும். கரைதல் தானாக நிகழக்கூடியது என்பதன் மறுபக்கம் இதுதான்: அதைத் தடுத்து நிறுத்தியிருப்பது ஒரு மெல்லிய பொலித்தீன் தோல் மட்டும். தோல் கிழிந்தால் குளிர் யாருக்கும் பயன்படாமல், எங்கோ ஒரு களஞ்சியத்தின் இரவில், செலவாகிவிடும். பிறகு எவ்வளவு குத்தினாலும் திரும்ப வராது. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடையில், "ரீச்சர், பெட்டி உடைச்சாப் பிறகு நாங்கள் எடுக்கிறேல்லை" என்றார்கள். பெட்டியை உடைக்காமல் உள்ளே பார்க்க வழி எது என்று கேட்டேன், பதில் இல்லை. அதன் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கடையில் வைத்தே ஒவ்வொரு பையையும் விரலால் மெதுவாக அழுத்தி, மணிகள் மணலைப்போல் தனித்தனியாக ஓடுகின்றனவா, உள்ளே ஒரு தனிப் பை உருண்டு நிற்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்கிறேன். வாங்கப் போகிறவர்களும் வெட்கப்படாமல் அப்படிச் செய்யுங்கள்.

ஹீட் பேக்கைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் அதிகம், ஏனென்றால் மூன்றிலும் மிக நேர்த்தியான பொருள் அதுவே. தெளிவான திரவம் நிறைந்த பை. உள்ளே ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வளைந்த உலோகத் தகடு. திரவம் நீரேறிய சோடியம் அசற்றேற்று. அதன் உருகுநிலை 58 பாகை செல்சியஸ். அறை வெப்பநிலையில் அது திண்மமாக இருக்க வேண்டியது. இருந்தும் முழுவதும் உருக்கி மெதுவாக ஆறவிட்டால் திரவமாகவே கிடக்கும். தகட்டைச் சொடுக்கினால், தகடு இருந்த இடத்திலிருந்து வெள்ளைப் பூ விரிவதுபோல் பளிங்கு பரவும். ஐந்தாறு வினாடிகளில் பை முழுவதும் வெண்மையாகி, கையில் பிடித்திருக்கும்போதே சூடாகிவிடும். என் வகுப்புப் பிள்ளைகள் அதை ஒரு பாடவேளை முழுவதும் மாறி மாறிப் பார்த்தார்கள், நான் தடுக்கவில்லை.

ஐஸ் பேக்கில் எந்திரப்பி கூடியதால் மாற்றம் நிகழ்ந்தது என்று சொன்னேன். இங்கே திரவம் பளிங்காகி ஒழுங்குபடுகிறது. தொகுதியின் எந்திரப்பி குறைகிறது. அப்படியிருந்தும் தானாக நிகழ்கிறது. இதைப் புரிந்துகொள்ளாத மாணவர் "எந்திரப்பி கூடினால் சரி" என்ற பாதி உண்மையோடு பரீட்சைக்குப் போய்விடுவார். ஒரு கிராம் உறையும்போது ஏறத்தாழ 264 யூல் வெளிவருகிறது. உருகுநிலையான 331 கெல்வினைக் கொண்டு வகுத்தால், அந்தக் கிராம் இழக்கும் எந்திரப்பி ஏறத்தாழ 0.80 யூல். அதே 264 யூல் 31 பாகையில், அதாவது 304 கெல்வினில் இருக்கும் அறைக்குள் போகிறது; வகுத்தால் 0.87. அறை பெறுவது பை இழப்பதைவிட அதிகம், மொத்தக் கணக்கு கூட்டலில் முடிகிறது. அறை 58 பாகையைத் தாண்டியிருந்தால் கணக்குத் தலைகீழாகி, உருகுவதே தானாக நிகழும் மாற்றமாகியிருக்கும். பையை மறுபடி பயன்படுத்தக் கொதிநீரில் போடுவது அந்தத் தலைகீழைத்தான் நாடி. ஐசுக்கும் இதே கதைதான். மூலுக்கு 6,010 யூல் வெப்பத்தை 22 யூல் எந்திரப்பியால் வகுத்தால் 273 கெல்வின், சுழியம் பாகை. அதற்கு மேலே உருகல், கீழே உறைதல்.

அப்படியானால் சொடுக்கும்வரை அது ஏன் உறையவில்லை? தானாக நிகழக்கூடியது என்பது உடனே நிகழும் என்று பொருள்படாது. முதற் பளிங்குக் கரு தோன்றுவதற்கு ஒரு மேடு இருக்கிறது. அதைக் கடக்கும் வரை திரவம் காத்துக்கொண்டிருக்கும். சொடுக்கு அந்த முதற் கருவைக் கொடுக்கிறது. சுயாதீன சக்தி, மாற்றம் போகும் திசையைத்தான் சொல்கிறது. வேகத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அறை நிலைமையில் வைரம் காரீயமாக (பென்சிலில் உள்ள கரி) மாறுவதுகூட மூலுக்கு 2.9 கிலோயூல் அளவில் தானாக நிகழக்கூடியதே. தாலிக்கொடியில் வைரம் பதித்தவர் எவரும் அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

பயன்பாட்டில் இந்தப் பை எனக்கு நிறைவளித்தது. 54 பாகை வரை ஏறி, துணியில் சுற்றியிருந்தால் முக்கால் மணித்தியாலம் இதமான சூட்டில் நின்றது. ஒரே குறை, கைப்பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனபோது தகடு அழுத்தப்பட்டு, பாதி வழியில் தானே பளிங்காகிவிட்டது. கெட்டியான டப்பாவில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. திரும்ப உருக்கும்போது பானையின் அடியில் ஒரு துணியை விரித்துப் பன்னிரண்டு நிமிடம்போலக் கொதிக்க வையுங்கள். ஒரு சிறு பளிங்கும் மிஞ்சக் கூடாது. கடுகளவு மிஞ்சினாலும் ஆறும்போது அதுவே கருவாகி எல்லாவற்றையும் உறைய வைத்துவிடும். என் பை முதல் முறை அப்படியேதான் ஏமாற்றியது. இந்தப் பை தரும் சூடு அடுப்பில் நாம் கொடுத்த சூடு, இலவசமல்ல. நாம் விரும்பிய நேரத்துக்கு அதைத் தள்ளிவைத்துத் தருவதற்காகத்தான் 1,200 ரூபா. இருபது தடவைக்கு மேல் பயன்படுத்திவிட்டேன், இன்னும் குறையவில்லை.

சூட்டுப் பட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உறையைக் கிழித்தால் உள்ளே இரும்புத் தூளும், உப்பும், காபன் தூளும், கொஞ்சம் ஈரமும் அடங்கிய தட்டையான பை. காற்றின் ஒட்சிசன் பட்டவுடன் இரும்பு துருவாகத் தொடங்கும். டொக்யார்ட் வீதியில் நிறுத்தி வைத்த சைக்கிளின் கேரியரைக் கடற்காற்று தின்பதும் இதுவும் ஒரே தாக்கம். தூளாக்கியதால் பரப்புக் கூடி, உப்பும் ஈரமும் சேர்ந்து அதை விரைவுபடுத்துகின்றன. நான்கு மூல் இரும்பு மூன்று மூல் ஒட்சிசனோடு சேர்ந்து ஒட்சைட்டாகும்போது ஏறத்தாழ 1,648 கிலோயூல் வெப்பம் வெளிவருகிறது. வாயு திண்மத்துக்குள் அடங்குவதால் எந்திரப்பி கெல்வினுக்கு ஏறத்தாழ 549 யூலால் குறைகிறது. 298 கெல்வினில் அதன் விலை 164 கிலோயூல். அதைக் கழித்த பிறகும் சுயாதீன சக்தி மறை 1,484 கிலோயூலில் நிற்கிறது. திரும்பி வராத அளவுக்குச் சரிவான பாதை. ஆகவே ஒருமுறைக்கு மட்டும்.

அம்மா அதை இரண்டு நாள் சேலைக்கு மேலே வைத்துப் பார்த்தார். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இளஞ்சூடு இருந்தது, இரவில் நித்திரை வந்தது என்றார். "எண்டாலும் பிள்ளை, கன்னியாவில ஏழு கிணத்துத் தண்ணியும் அள்ளி ஊத்தினாப்போல வராது" என்று அவர் சொன்னதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூடு நிலத்தின் ஆழத்திலிருந்து வருவது, அதற்குப் பக்கத்தில் 350 ரூபாப் பட்டியை நிறுத்துவது நியாயமும் அல்ல. மூன்றாவது பட்டியின் உறையில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருந்திருக்கிறது. திறந்தபோது அது ஓடு போல இறுகி, குளிர்ந்து, செம்பழுப்பாக இருந்தது; அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய சூடு முழுவதும் கடையின் தட்டிலேயே போய்விட்டது. கடலோர ஊரில் இவற்றை வாங்குவோர், உறை காற்றுப் புகாமல் உள்ளதா என்று அழுத்திப் பார்ப்பதோடு, உள்ளே தூள் நெகிழ்வாக அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும். எந்தப் பட்டியையும் வெறுந்தோலில் ஒட்டக் கூடாது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டுப் பொருளையும் குளிர்ப் பொருளையும் வைத்தியரைக் கேட்காமல் பயன்படுத்தவே கூடாது. சுட்டுத்துண்டில் இது மிகச் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் உள்ளது. தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடாமல் இங்கு விற்பது எனக்கு ஏற்புடையதல்ல.

அடுத்த ஆண்டுக்கு ஐஸ் பேக் பத்து வாங்கும்படி அதிபருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹீட் பேக் இரண்டு. சூட்டுப் பட்டி பாடசாலைப் பெட்டிக்குத் தேவையில்லை.

அந்த மாணவி விடவில்லை. பயன்படுத்தி முடிந்த ஐஸ் பேக்கைக் குப்பையில் போட வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு போனவள், யூலையில் கச்சான் காற்று நன்றாக வீசும் நாட்களில், பையை வெட்டிக் கரைசலை ஒரு அகன்ற பீங்கான் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தாள். நிலாவெளி உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி கட்டிக் காயவிடுவதுபோலத்தான் என்றாள். யூரியா இரவின் ஈரத்தை இழுக்கும் என்பதால் பொழுதுபட்டதும் தட்டை மூடி வைத்தாள். ஐந்தாம் நாள் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நீண்ட வெள்ளை ஊசிகள் வளர்ந்திருந்தன. வகுப்பில் நாங்கள் கணக்கைப் போட்டோம்: பையிலிருந்த 100 கிராம்போலத் தண்ணீர் ஐந்தரை மூல், ஆவியாக மூலுக்கு 44 கிலோயூல், மொத்தம் 240 கிலோயூலுக்கு மேல். 25 கிலோயூல் குளிரைத் திரும்பப் பெற வெயிலும் காற்றும் அதன் பத்து மடங்கைக் கொடுத்திருக்கின்றன. ஊசிகளை ஒரு போத்தலில் சேர்த்து வகுப்புக்குக் கொண்டுவந்தாள். 30 கிராம் நிறுத்து, 100 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டுக் கலக்கினோம். வெப்பமானி 30இலிருந்து 19க்கு இறங்கியது.